வழக்கத்தை வெறுப்பதும் மனிதரை வெறுப்பதும்: வெளிநாடு செல்லும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

மேற்படிப்புக்கு வெளிநாடு புறப்படும் உங்களுக்கு விசா பற்றியும் கல்விக்கடன் பற்றியும் குளிருக்கு என்ன உடுத்துவது என்பது பற்றியும் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. அங்கே போன சில மாதங்களிலேயே நீங்கள் இரண்டு பேச்சுகளைச் சந்திப்பீர்கள். ஒன்று, அந்த நாட்டுக்காரர் ஒருவர் உங்களிடம் சொல்வது: “இந்தியர்கள்மேல் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. உங்கள் கலாச்சாரம்தான் பிடிக்கவில்லை.” மற்றொன்று, வீட்டுக்குப் பேசும்போது நீங்களே சொல்வது: “ஆளுங்க நல்லவங்கதாம்மா, இவங்க கலாச்சாரம்தான் சரியில்ல.” முதல் பேச்சு உங்களைச் சுருக்கென்று தைக்கும். இரண்டாவதைச் சொல்லும்போது உங்களுக்கு ஒன்றுமே தோன்றாது. ஆனால் இரண்டும் ஒரே பேச்சுதான்.

ஒரு நாட்டின் கலாச்சாரத்தை வெறுப்பது அந்த நாட்டு மக்களை வெறுப்பதாகுமா? இதற்கு இரண்டு எளிய பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ‘ஆகும், அத்தனையும் இனவெறிதான்’ என்பது ஒன்று. ‘ஆகாது, கலாச்சாரம் வேறு, மக்கள் வேறு, கலாச்சாரத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம்’ என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. முதல் பதிலை ஏற்றால், குழந்தை மணத்தையும் தீண்டாமையையும் எதிர்த்த அத்தனை பேரையும் நம் பகைவர் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டாவதை ஏற்றால், நம்மவர்களுக்குக் குடியுரிமை மறுத்தவர்களையும் தெருவில் அடித்தவர்களையும் குற்றமற்றவர்கள் என்று விட்டுவிட வேண்டியிருக்கும்.

ஒரு வழக்கத்தின்மேல் வரும் வெறுப்பு தன்னளவில் குற்றமாகாது. அந்த வெறுப்பு கடைசியில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அந்த வழக்கம் மாறவேண்டும் என்று கேட்டால் அது விமர்சனம். அந்த மக்களுக்கு உரிமை கூடாது, இடம் கூடாது, மதிப்பு கூடாது என்று கேட்டால் அது பகை. கலாச்சாரம் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் பகைதான். இதைச் சொல்வதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் நடந்த ஒரு பெரும் சண்டையை நான் துணைக்கு அழைக்கிறேன்.

1927-இல் காதரின் மேயோ என்ற அமெரிக்கர் ‘மதர் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டார். 1925-26 குளிர்காலத்தில் இங்கு வந்து சில மாதங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியது. குழந்தை மணம், உடல் முதிராத சிறுமிகள் படும் பேறுகாலத் துன்பம், கைம்பெண்களின் நிலை, தீண்டாமை, ஊர்களின் அசுத்தம், எலும்பும் தோலுமாக அலையும் மாடுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கியிருந்தார். நூல் கடல் கடந்து பரவியது. இங்கே நாடு கொதித்தது. கண்டனக் கூட்டங்கள் நடந்தன, மறுப்பு நூல்கள் வரிசையாக வந்தன. லாலா லஜபதி ராயின் ‘அன்ஹேப்பி இந்தியா’ 1928-இல் வெளிவந்தது. தஞ்சைப் பகுதியில் பிறந்தவரும் ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ இதழின் ஆசிரியருமான கா. நடராஜன் எழுதிய மறுப்பைச் சென்னையில் ஜி. ஏ. நடேசன் பதிப்பித்தார்.

மேயோ எழுதியது பொய்யா? இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் அன்றைக்குத் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது என்று எல்லாருக்கும் பொதுவான ஒரு சட்டம் கிடையாது. கணவனாகவே இருந்தாலும் ஒரு சிறுமியை எந்த வயதுக்கு முன் தீண்டக்கூடாது என்ற வரம்பு மட்டும் இருந்தது. அந்த வரம்பைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே திலகர் உள்ளிட்ட பலர் கடும் எதிர்ப்புக் காட்டினார்கள். மேயோ வந்த 1925-இல்தான் அது பதின்மூன்றானது. தெருவில் நடக்க உரிமையில்லாத மக்கள் அன்று கோடிக்கணக்கில் இருந்தார்கள். ஆக, அவர் கண்ட புண் உண்மையான புண்தான்.

நம் பக்கத்தில் இதைச் சொல்லும் துணிவு சிலருக்கு இருந்தது. வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டவரான கோவை அ. அய்யாமுத்து, நாடே மேயோவைத் திட்டிக்கொண்டிருந்த வேளையில், ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா’ என்று தலைப்பிட்டு ஒரு நூலே எழுதினார். காந்தியடிகள் 1927 செப்டம்பரில் ‘யங் இந்தியா’வில் எழுதிய மதிப்புரைக்குச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அந்தத் தலைப்பு மட்டும் இன்றுவரை எல்லாருக்கும் தெரியும். அதே கட்டுரையில் அவர் சொன்ன இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை: இந்தியர்கள் ஒவ்வொருவரும் இந்த நூலைப் படித்துப் பயன்பெறலாம், குற்றச்சாட்டை அவர் வைத்த விதத்தை மறுக்கலாமே தவிர அடியில் கிடக்கும் உண்மையை மறுக்க முடியாது என்பது அவர் கருத்து. வெளிநாட்டார் இந்த நூலை நம்பிவிடக் கூடாது, நாம் இதை ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அப்படியானால் மேயோவிடம் எங்கே தவறு? அவர் பார்த்ததில் இருந்த தவறு கொஞ்சம்தான். பார்த்ததை அவர் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில்தான் பெருந்தவறு இருந்தது. நாட்டின் வறுமை, நோய், அடிமைத்தனம் எல்லாவற்றுக்கும் இந்துக்களின் மணவாழ்வு முறையே வேர் என்றார். அந்நிய ஆட்சி இதில் எதற்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிட்டது. இத்தகைய மக்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள், பிரிட்டிஷார் இருந்தே ஆகவேண்டும் என்பது நூலின் முடிவாக நின்றது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிலிப்பைன்ஸ் பற்றி அவர் எழுதிய நூலிலும் முடிவு இதேதான்: அமெரிக்கா அந்தத் தீவுகளை விட்டுப் போகக் கூடாது. வேறு நாடு, வேறு மதம், வேறு வழக்கங்கள். முடிவு மட்டும் மாறவில்லை. மேயோவின் இந்தியப் பயணத்துக்குப் பின்னால் பிரிட்டிஷ் அதிகாரிகளின் துணை இருந்ததை மனோரஞ்சன் ஜா என்ற வரலாற்றாசிரியர் பின்னாளில் ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தார்.

மேயோ செய்த இன்னொன்றையும் கவனியுங்கள். அவருடைய சான்றுகளில் கணிசமானவை இந்தியர்கள் சொன்னவை. சட்டமன்ற விவாதங்களில் நம் உறுப்பினர்கள் ஆற்றிய உரைகளையும் காந்தியின் எழுத்துகளையும் எடுத்து எடுத்துக் காட்டினார். குழந்தை மணத்தைக் கண்டித்துச் சட்டமன்றத்தில் ஓர் இந்தியர் எழுந்து பேசினால், அந்தப் பேச்சு இந்தியாவின் இழிவுக்குச் சான்றாக அவருடைய நூலில் ஏறியது. எழுந்து பேசிய அந்த மனிதரும் இந்தியாதானே என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. ஜோதிராவ் புலே, பண்டித ரமாபாய், சிறுவயதில் கட்டிவைத்த கணவனோடு வாழ மறுத்து 1880-களில் நீதிமன்றத்தில் போராடிப் பின்னர் மருத்துவரான ருக்மாபாய் எல்லாரும் இந்த நாட்டின் கலாச்சாரத்துக்குள் பிறந்தவர்கள்தான். ஒரு வழக்கத்தைக் கலாச்சாரம் என்று எண்ணுகிறவர்கள், அந்த வழக்கத்தை எதிர்த்து எழுந்த குரலையும் அதே கலாச்சாரத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்க மறுப்பவரின் மனத்தில் அந்த மக்களைப் பற்றிய தீர்ப்பு முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

மேயோவின் நாட்டில் இந்தத் தீர்ப்பு ஏற்கெனவே சட்டமாகவும் இருந்தது. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிச் சீக்கியர் முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். 1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று தீர்ப்பளித்தது. உயர்வு தாழ்வு என்று எதையும் நாங்கள் சொல்லவில்லை, வேறுபாட்டைத்தான் சொல்கிறோம், இவர்கள் எங்களோடு கலந்து ஒன்றாக மாட்டார்கள் என்பது தீர்ப்பின் சாரம். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதை இழந்தார்கள். 1946-இல்தான் சட்டம் மாறியது. அப்போதும் ஆண்டுக்கு நூறு இந்தியர்களுக்கு மட்டுமே குடியேறும் அனுமதி. ‘தாழ்வென்று சொல்லவில்லை, வேறு என்கிறோம்’ என்ற அந்தப் பேச்சின் பேரப்பிள்ளையைத்தான் இன்று நீங்கள் ‘உங்கள் மேல் வெறுப்பில்லை, உங்கள் கலாச்சாரம்தான்’ என்று கேட்கிறீர்கள். 1978-இல், பிரிட்டனின் பிரதமராவதற்கு ஓராண்டு முன், மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சி நேர்காணலில், வேறு கலாச்சாரத்து மக்கள் வந்து இந்த நாட்டை மூழ்கடித்துவிடுவார்களோ என்று ஜனங்கள் அஞ்சுகிறார்கள் என்று பேசினார். அந்த வாக்கியத்தில் தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறார் என்பது கேட்ட எல்லாருக்கும் புரிந்தது.

இனி இன்னொரு பெண்ணைப் பாருங்கள். மேயோ பிறந்த அதே 1867-இல் அயர்லாந்தில் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். கிறித்தவ ஊழியராக 1895-இல் இந்தியா வந்து, 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் தங்கினார். கோயில்களுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை அவர் வெறுத்தார். அந்த வெறுப்பில் மேயோவுக்கு அவர் ஒரு துளியும் குறைந்தவரில்லை. 1903-இல் வெளியான அவருடைய நூல் இங்குள்ள வாழ்வைப் பற்றிக் கடுமையாகவே பேசுகிறது. நம் மக்களின் சமயத்தை இருள் என்றே அவர் கருதினார். அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை, நீங்களும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வெறுப்பு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது? தமிழ் கற்றார். சேலை உடுத்தினார். அடைக்கலம் தேடி வந்த குழந்தைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்தார். அம்மா என்று அழைக்கப்பட்டார். ஐம்பதாண்டுகளுக்கு மேல் சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 1951-இல் டோனாவூரிலேயே இறந்து அந்த மண்ணிலேயே அடங்கினார். இரண்டு பேருக்கும் பிடிக்காதது ஏறத்தாழ ஒன்றேதான். ஒருவருடைய வெறுப்பு, இந்த மக்களுக்கு விடுதலை கூடாது என்றது. இன்னொருவருடைய வெறுப்பு, இந்தக் குழந்தை நன்றாக வாழவேண்டும் என்றது.

அதே வழக்கத்தை உள்ளேயிருந்து எதிர்த்தவரும் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தைச் சேர்ந்தவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, 1927 நவம்பரில், மேயோவின் நூல் நாட்டைக் கொளுத்திக்கொண்டிருந்த அதே மாதங்களில், பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். நாட்டின் பெண்கள் அமைப்புகள் அந்த நாளில் எடுத்த நிலை இன்றும் நமக்குப் பாடம். மேயோவைக் கண்டித்த அதே மேடைகளில், குழந்தை மணத் தடைச் சட்டத்தை உடனே நிறைவேற்று என்றும் அவர்கள் கேட்டார்கள். ‘எங்களை இழிவுபடுத்தாதே’ என்று வெளியே பார்த்தும், ‘சிறுமிகளைக் கொல்லாதே’ என்று உள்ளே பார்த்தும் ஒரே குரலில் பேசினார்கள். ஹர் பிலாஸ் சார்தா கொண்டுவந்த மசோதா 1929 செப்டம்பரில் நிறைவேறி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று திருமண வயதை வரையறுத்தது.

வெறுப்பு வழக்கத்தைத் தாண்டி மனிதர்மேல் வழிவது வெளியாருக்கு மட்டுமே உரிய குணம் என்று எண்ணிவிடாதீர்கள். தேவதாசி வழக்கத்தை எதிர்த்த இயக்கம் நியாயமானது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்ற, அந்த வாழ்வின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த பெண்களே அதில் முன்னின்றார்கள். ஆனால் அதே குலத்தில் பிறந்து, சங்கீதத்தில் சிகரம் தொட்ட பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட பெண்கள், எங்களையும் கேளுங்கள், எங்கள் கலையும் பிழைப்பும் என்னாகும் என்று அரசுக்கு முறையிட்டார்கள். அந்தக் குரல் உரிய கவனத்தோடு கேட்கப்படவில்லை. 1947-இல் சட்டம் வந்து வழக்கம் முடிந்தது. பழிச்சொல் முடியவில்லை. அவர்கள் ஆடிவந்த சதிர், பரதநாட்டியம் என்ற பெயரோடு பெரிய வீட்டுப் பெண்களின் மேடைக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த குடும்பங்களின் பெண்கள் தம் குலத்தைச் சொல்லவே கூசி வாழ்ந்தார்கள். வழக்கத்துக்கு எதிரான கோபம் நியாயமாக இருக்கும்போதே, அதில் சிக்கியிருந்த மனிதர்களை அது மிதித்துவிடக்கூடும். நம் கோபம் எவ்வளவு நியாயமானதோ அவ்வளவு கவனம் நமக்கு வேண்டும்.

இங்கே உங்களில் சிலர் ஒரு வலுவான கேள்வி கேட்கலாம். கலாச்சாரம் என்பது கழற்றி வைக்கும் சட்டையா? என் மொழி, என் சாப்பாடு, என் சாமி, என் தாய் தந்தையர் சொல்லிக்கொடுத்த நடைமுறை இவற்றையெல்லாம் வெறுத்துவிட்டு என்னை மட்டும் ஒருவர் எப்படி மதிக்க முடியும்? நியாயமான கேள்விதான். இதனால்தான் எல்லா வழக்கங்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்கிறேன். ஒரு வழக்கம் யாருக்காவது தீங்கு செய்கிறதா? குழந்தை மணம் ஒரு சிறுமிக்குத் தீங்கு செய்தது. தீண்டாமை கோடிப் பேருக்குத் தீங்கு செய்தது. அவற்றை வெறுக்க எவருக்கும் உரிமை உண்டு, எந்த நாட்டில் பிறந்திருந்தாலும். கையால் சோறு பிசைந்து உண்பதாலோ, தாளிக்கும் மணத்தாலோ, நெற்றிப் பொட்டாலோ எவருக்கும் ஒரு கேடும் இல்லை. கேடே இல்லாத ஒன்றின்மேல் ஒருவருக்குத் தாங்கமுடியாத வெறுப்பு வருமானால், அது அந்த வழக்கத்தின்மேல் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதை உடையவர்மேல் வந்ததாகவே இருக்கும்.

1987-இல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அங்கு குடியேறிய இந்தியர்களைத் தாக்கக் கிளம்பிய ஒரு கும்பல், ‘டாட் பஸ்டர்ஸ்’ என்று நம் பெண்களின் பொட்டையே பெயராகச் சூட்டிக்கொண்டது. இந்தியர்களை ஜெர்சி சிட்டியை விட்டு வெளியேற்ற எந்த எல்லைக்கும் போவோம் என்று செய்தித்தாளுக்குக் கடிதமே அனுப்பியது. அந்தப் பகையின் நாட்களில், பக்கத்து ஊரான ஹோபோக்கனில் ஒரு கூட்டம் அடித்த அடியில் ஓர் இந்திய இளைஞர் இறந்தார். அவர் பார்சி. ஓர் ஆண். அன்றாடம் பொட்டு வைக்கும் வழக்கம் இல்லாத சமூகத்தைச் சேர்ந்தவர். பொட்டைப் பிடிக்கவில்லை என்று தொடங்கிய பேச்சுக்கும் அந்தக் கொலைக்கும் இடையில் பொட்டே இல்லை. கலாச்சாரம் என்ற பெயர்ப்பலகையை அகற்றிப் பார்த்தால் உள்ளே மனிதர்மேல் இருந்த பகை மட்டுமே நின்றது.

வெறுப்பில் மட்டும்தான் இந்த ஆபத்து என்றும் எண்ணாதீர்கள். உங்களில் பலர் ஜப்பானிய அனிமே பார்த்தும் கொரியத் தொடர்கள் பார்த்தும் அந்த நாடுகளின்மேல் ஆசை வளர்த்தவர்கள். நல்லது. அந்த இரு நாடுகளின் வரலாற்றிலிருந்தே ஒரு செய்தி. 1910 முதல் ஜப்பான் கொரியாவை அடிமைப்படுத்தி ஆண்டது. அந்தக் காலத்தில் யனாகி சோஎட்சு என்ற ஜப்பானியக் கலை அறிஞர் கொரியப் பீங்கான்களையும் கைவினைகளையும் உயிராக நேசித்தார். சியோலின் குவாங்வாமுன் அரண்மனை வாயிலை இடிக்க ஜப்பானிய அரசு திட்டமிட்டபோது, 1922-இல் அதை எதிர்த்து எழுதினார். 1924-இல் சியோலில் கொரிய நாட்டுப்புறக் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். அவருடைய அன்பு உண்மையானது. ஆனாலும் கொரியக் கலையின் அழகு துயரத்திலிருந்து பிறந்த அழகு என்று அவர் எழுதியதைப் பின்னாளில் கொரிய அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். எங்கள் சிரிப்பும் வலிமையும் அவர் கண்ணில் படவில்லை, ஆளப்படும் மக்களாக மட்டுமே எங்களைப் பார்த்தார் என்பது அவர்கள் குறை. ஒரு மக்களின் கலாச்சாரத்தை நேசித்துக்கொண்டே அவர்களை முழு மனிதராகப் பார்க்கத் தவற முடியும். இந்தியாவின் ஆன்மிகம் எவ்வளவு அழகு என்று உங்களிடம் உருகுகிறவரும், நீங்கள் கணினி அறிவியலோ அரசியலோ பேசினால் காது கொடுக்கிறாரா என்று பாருங்கள். ஆக, விருப்பும் வெறுப்பும் அளவுகோல் ஆகா. நம்மை மறுத்துப் பேசவும் மாறவும் வல்ல மனிதராக நடத்துகிறார்களா என்பதே அளவுகோல்.

இப்போது உங்கள் காலத்துக்கு வருகிறேன். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அந்த நாட்டில் இப்படிச் செய்த முதல் நகரம் அது. தீர்மானத்தைக் கொண்டுவந்த க்ஷமா சாவந்த் புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இந்தச் சட்டம் இந்தியர்களையும் இந்துக்களையும் தனியே பிரித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது, இதுவே ஒரு பாகுபாடு என்று நம்மவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். அதே ஆண்டு கலிபோர்னியாவிலும் இத்தகைய மசோதா நிறைவேறியது. இருக்கும் சட்டங்களே போதும் என்று ஆளுநர் அதற்கு ஒப்புதல் மறுத்துவிட்டார். வேலைக்கும் குடியிருப்புக்கும் அலையும்போது இந்த விவாதத்தின் நடுவே நீங்கள் நிற்க நேரும். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தச் சட்டத்தைக் கேட்டுக் கூட்டம் கூட்டமாக வந்து நின்றவர்களில் தலித் மக்கள் இருந்தார்கள். அவர்களும் இந்தியர்கள்தான். அவர்கள் சொல்வதை ‘இந்திய வெறுப்பு’ என்று தள்ளினால், மேயோ செய்ததை நாம் தலைகீழாகச் செய்கிறோம். எதிர்த்தவரை அவர் இந்தியாவின் கணக்கில் சேர்க்கவில்லை; நாமும் சேர்க்க மறுக்கிறோம். சாதியைக் காரணம் காட்டி இந்தியர்களே வேண்டாம் என்று யாராவது சொன்னால் அப்போது எதிர்த்து நில்லுங்கள். அந்த எதிர்ப்பில் முன்வரிசையில் சாதியை எதிர்ப்பவர்களும் நிற்பார்கள்.

ஆகவே, நம் கலாச்சாரத்தைக் குறை சொல்லும் ஒவ்வொருவரிடமும் கொதிக்காதீர்கள். வரதட்சணை பற்றி ஒரு வகுப்புத் தோழி கேட்டால், ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்ட வரதட்சணை மரணங்களைப் பதிவு செய்த நாட்டிலிருந்து வந்தவர் நீங்கள் என்பதை மறவாதீர்கள். ‘எங்கள் கலாச்சாரத்தைப் பற்றிப் பேச நீ யார்’ என்று கேட்பது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். உண்மையை ஒப்புங்கள். 1961-லேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்ததையும், இன்னும் அதற்கு எதிராக உழைக்கும் பெண்களைப் பற்றியும் கூடவே சொல்லுங்கள். அவர் அதைக் கேட்டு, யோசித்து, மேலும் கேள்வி கேட்டால் அவர் உங்கள் நண்பர். கேட்காமல் ‘நீங்கள் எல்லாரும் அப்படித்தான்’ என்று முடித்தால், அப்போது தாராளமாகச் சொல்லுங்கள்: நீ வெறுப்பது வரதட்சணையை அல்ல, என்னை.

இதே நீதியை நீங்களும் பிறருக்கு வழங்க வேண்டும். இதுதான் கடினம். பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடும் வழக்கம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். குடிப்பழக்கம் பிடிக்காமல் போகலாம். அமெரிக்காவில் பல வீடுகளில் துப்பாக்கி இருப்பது அச்சம் தரலாம். பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆனால் அந்த நாட்டிலேயே துப்பாக்கிக்கு எதிராகத் தெருவில் இறங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தாயை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதற்காக வேலையை விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்கும் முன் அந்த நாட்டைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். ‘வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பாசமே கிடையாது’ என்று வீட்டுக்குச் சொல்லும் ஒவ்வொரு முறையும், பார்க்காத கோடிப் பேரைப் பற்றி நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள்.

கறுப்பின மக்களைப் பற்றி நம் வீடுகளில் பேசப்படும் பேச்சை இன்னும் கவனமாகச் சோதியுங்கள். 2017 மார்ச்சில் டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் ஓர் இளைஞரின் சாவுக்குப் பிறகு, ஆப்பிரிக்கர்கள் மனிதக் கறி தின்பவர்கள் என்ற வதந்தி பரவி, நைஜீரிய மாணவர்களைக் கூட்டம் கூட்டமாகத் தாக்கினார்கள். அவர்களும் உங்களைப் போலவே மேற்படிப்புக்குக் கடல் கடந்து வந்தவர்கள். தங்கள் ஊரில் நல்ல பெயர் வாங்கிப் பெற்றோரின் கனவைச் சுமந்து வந்தவர்கள். ‘அவர்கள் கலாச்சாரம் அப்படி’ என்ற ஒரு வரி, அவர்களில் ஒருவரிடம்கூட ஒரு வார்த்தை பேசியிராத கூட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. உங்களுக்கு இது போல நேரக் கூடாது என்று வேண்டும் உங்கள் தாய், அந்த மாணவர்களுக்காகவும் அதையே வேண்ட வேண்டும்.

பிடிக்காதவற்றை எல்லாம் பிடித்ததாகக் காட்டிக்கொள்ளும் மரியாதையை உங்களிடம் நான் கேட்கவில்லை. அது மரியாதையே ஆகாது. ஒருவரின் வழக்கத்தைத் தவறு என்று நேரில் சொல்வது, அவரால் யோசிக்க முடியும், மாற முடியும் என்று நம்புவதால்தான். முத்துலட்சுமி ரெட்டி தம் மக்களிடம் வைத்திருந்தது அந்த நம்பிக்கை. மேயோவிடம் இல்லாமல் போனதும் அதுவே.

போய் வாருங்கள். கண்ணை அகலத் திறந்து பாருங்கள், தீங்கு கண்ட இடத்தில் தீங்கு என்று சொல்லுங்கள், நம்முடையதோ அவர்களுடையதோ பாராமல் சொல்லுங்கள். சொன்ன பிறகும் எதிரில் இருப்பவர் உங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கவும், உங்களோடு வேலை செய்யவும், உங்களை மறுத்துப் பேசவும் முழு உரிமை உள்ளவர் என்பதில் உங்களுக்கு ஐயம் வரக்கூடாது. அதே உரிமையை யாரிடமும் கெஞ்சாமல் உங்களுக்கும் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு மூத்த ஒரு வரலாற்று ஆசிரியர்